தபால் பங்கும் மூன்று கையெழுத்துகளும்

எங்கள் சொந்தக்காரர்களுக்குள் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தபால்காரி. நான் பை தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவள் இல்லை. ஈஸ்ட் ஹாமில் ஒரு சாறிக்கடையில் வேலை செய்கிறவள். எல்லோரும் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்ட காலத்தில், கடிதம் கொண்டுவருகிற கம்பனியின் பங்குகளைக் காசு கொடுத்து வாங்கினேன் அல்லவா, அதனால் வந்த பெயர். கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போகிற இடத்தில்கூட யாராவது மறித்துக் கேட்பார்கள்.

"எப்பிடித் தபால்காரி, உங்கட கம்பனி இன்னும் மூச்சு விடுதோ?"

"உங்களைவிட நல்லாய் விடுது" என்பேன். வாய்க்காரி என்றும் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஏன் வாங்கினேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு காரணம்தான் சொல்லியிருக்கிறேன். எங்கள் கடையிலிருந்து ஸ்கொட்லாந்து, வேல்ஸ் என்று சாறிகளும் தைத்த பிளவுஸ்களும் பொதிகளாகப் போகும். அவற்றைத் தபாலில் சேர்ப்பது என் வேலை. அந்த வரிசையில் நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது. எனக்கு முன்னால் நின்றவர்களின் கையில் கடிதம் இல்லை, ஆனால் எல்லோரிடமும் பொதி இருந்தது. கடிதம் போனால் போகட்டும், பொதி இருக்கிறதே என்று நினைத்தேன். அது சரியான கணக்கா பிழையான கணக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களே அந்தப் பங்கைப் பற்றி இரண்டு விதமாக எழுதினார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாருக்கும் சொன்னதில்லை. நான் கல்யாணம் முடித்து வந்த வீட்டில் என் பெயரில் ஒன்றுமே இல்லை. வீடு கணவரின் பெயரில். கார் அவர் பெயரில். கரண்ட், காஸ், தண்ணீர், கவுன்சில் வரி எல்லாமே அவர் பெயரில். கதவுத் துவாரத்தால் விழுகிற கடிதங்களை நான்தான் குனிந்து பொறுக்குவேன். என் பெயருக்கு வருவது பல் வைத்தியரின் நினைவூட்டல் மட்டும். என் பல் மட்டும்தான் இந்த நாட்டில் எனக்குச் சொந்தம் என்று எரிச்சலாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை, செலவுக்குக் கேட்டால் தருவார். ஆனால் கேட்க வேண்டும். அந்தக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைக்கு வரும் அக்கா ஒருவர் சீட்டுப் பிடித்தார். எல்லோரும் மாதாமாதம் காசு போட, கூடிய கழிவு விட்டுக் கேட்கிறவர் அந்த மாதத்துக் காசை எடுத்துக்கொண்டு போவார். கழிவு கொடுக்க எனக்கு மனமில்லை. கடைசி வரைக்கும் பொறுத்திருந்து முழுதாக எடுத்தேன். தாலிக்கொடியை அழித்துக் கனமாகச் செய்யப் போகிறேன் என்றுதான் கணவர் நினைத்துக்கொண்டிருந்தார். கொடி என் கழுத்தில் தொங்கினாலும் அதைப் பற்றிக் கதைக்கும் உரிமை ஊருக்கெல்லாம் உண்டு. அதனால் கொடி வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

அப்போது தபால் கம்பனியின் விலை விழுந்துகொண்டிருந்தது. கடிதங்கள் குறைகின்றன, இனித் தேறாது என்று பத்திரிகைகள் எழுதின. வங்கியில் இருந்த பெண்ணிடம் விசாரித்து, படிவம் நிரப்பி வாங்கினேன். கம்ப்யூட்டரில் இருந்தால் போதும் என்று அவள் சொன்னாள். இல்லை, கடதாசியாய் வேண்டும் என்று அதற்குத் தனியாகக் கட்டணமும் கட்டினேன். பங்குப் பத்திரம் தபாலில்தான் வந்தது. அதில் என் முழுப்பெயர், அப்பாவின் பெயரோடு. கணவரின் பெயர் எங்குமே இல்லை. குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பிள்ளையார் படத்துக்குப் பின்னால் அதை வைத்தேன். எங்கள் ஆட்கள் காணி உறுதிப் பத்திரத்தை வைக்கிற இடம் அதுதானே.

கணவரின் அண்ணன், அதாவது என் அத்தான், ஹவுன்ஸ்லோவில் கடை வைத்திருக்கிறார். முதலில் இந்த நாட்டுக்கு வந்தவர் அவர்தான். தம்பியைக் கூப்பிட்டவரும், வீடு வாங்க முற்பணம் கொடுத்தவரும், என்னைப் பெண் பார்த்துச் சரி சொன்னவரும் அவரே. அதனால் எங்கள் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்பதுகூட ஹவுன்ஸ்லோவில் முடிவாகி வரும். பங்கு விஷயம் காதுக்குப் போனதும் போன் எடுத்தார்.

"என்ன பிள்ளை, ஆரும் உம்மட தலையில கட்டிவிட்டவங்களோ? இப்ப ஆர் கடிதம் எழுதினம்? உங்கட வீட்டுக்குக் கடைசியாய்க் கடிதம் எப்ப வந்தது, சொல்லும் பாப்பம்."

"நேற்று வந்தது அத்தான். பங்குப் பத்திரம்."

அவர் சிரிக்கவில்லை. கணவர்தான் பக்கத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அதன் பிறகு விலை இன்னும் விழுந்தது. இடையில் ஒருமுறை எழும்பியது, பிறகு முன்னைவிட மோசமாக விழுந்தது. எழும்பியபோது ஒருவரும் என்னுடன் கதைக்கவில்லை. விழுந்தபோது போனில் உள்ள குடும்பக் குழுவில் பத்திரிகைத் துண்டுகளை ஒருவர் மாறி ஒருவர் அனுப்பினார்கள். "விசர் வேலை பாத்திட்டீர்" என்று கணவர் சாப்பாட்டு மேசையில் சொல்லுவார். எனக்குப் பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் காசில் எனக்கு வந்த பயம் அது. அந்தப் பயத்தைக்கூட யாருடனும் பங்கு போட எனக்கு விருப்பமில்லை.

முதல் டிவிடென்ட் காசோலையாக வந்தது. பெரிய தொகை இல்லை. அதைப் போடுவதற்கென்றே என் பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். அந்தக் காசில் குளிருக்கு ஒரு நல்ல தோல் பூட்ஸ் வாங்கி, அடுத்த ஞாயிறு அத்தான் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் எல்லோரும் சப்பாத்துகளைச் சுவரோரமாகக் கழற்றி வைத்திருந்தார்கள். நான் என்னுடையதை நடுவில் வைத்தேன். அத்தான் தாண்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பிறகு ஒரு நாள் செய்தி வந்தது. வெளிநாட்டுப் பணக்காரர் ஒருவர் தபால் கம்பனியை முழுதாக வாங்க விலை சொல்லியிருக்கிறார். பகிடி விட்டவர்கள் எல்லோரும் அடங்கிப்போனார்கள். அத்தான் போன் எடுத்து, "பிள்ளை, சுகமாய் இருக்கிறீரோ? முழங்கால் நோ எப்பிடி?" என்று கேட்டார். அவர் என் முழங்காலை விசாரித்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். அத்தானின் கடைக்குப் பக்கத்துக் கடை காலியாகப் போகிறது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து அதை எடுக்க வேண்டும். தம்பியின் பங்குக்குக் காசு வேண்டும். அந்தக் காசு பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

ஞாயிறு மத்தியானம் ஹவுன்ஸ்லோவில் நண்டுக்கறி. என் வாயை அடைப்பதற்கு நண்டைவிட நல்ல சாமான் இல்லை. கடித்து உறிஞ்சுகிறவளால் கதைக்க ஏலாது. மேசையில் அவர்கள் இருவரும் கடைக்கு எங்கே பிரிட்ஜ் வைப்பது, எங்கே பொதி வாங்கிக் கொடுக்கும் கவுண்டர் போடுவது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். பொதிக் கவுண்டர்! கடிதம் செத்துப்போன நாட்டில்! நான் வெளியே தெரியாமல் கொடுப்புக்குள் சிரித்தேன். 'வித்தால்' என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. 'காசு வந்த உடனே' என்றுதான் கதை போனது. நீர் என்ன நினைக்கிறீர் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கணவர் பைக்குள்ளிருந்து பங்குகளை விற்பதற்கான படிவத்தை எடுத்தார். எங்கள் வீட்டு விலாசத்துக்கு என் பெயரில் வந்த படிவம். உறையை அவர்தான் உடைத்திருந்தார்.

"கையைக் கழுவிப்போட்டு வந்து சைன் வையும்" என்றார்.

கையைக் கழுவினேன். வந்தேன். வைத்தேன்.

இவ்வளவு வாய் இருந்தும் ஏன் வைத்தேன் என்று கேட்பீர்கள். அந்த மேசையில் இத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறேன். முற்பணம் தந்தவரின் முகத்துக்கு முன்னால், அவர் மனைவி இன்னொரு நண்டுக் காலை என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டிருக்கும்போது, மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. உள்ளுக்குள் கொதித்தது. கை தானாக எழுதியது.

நான் வைத்து முடித்ததும் கணவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தை வைத்தார். எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த பெண் தன் சீதனக் காணியை விற்பதென்றாலும் புருஷனின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் ஏலாது. என் அம்மாவின் காணியை விற்றபோது அப்பா அப்படித்தான் வைத்தார். உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்கு முன்னால் அம்மா ஒரு ஓரத்தில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அதே பழக்கத்தில் இவரும் வைத்தார். வைக்காவிட்டால் படிவம் செல்லாது என்று உண்மையாகவே நம்பினார். எனக்கும் அது பிழையாகப் படவில்லை. புருஷன் இருக்கிறபோது அவன் கையெழுத்து இல்லாமல் எப்படி?

"சாட்சிக்கு நானும் வைக்கிறன்" என்று அத்தான் மூன்றாவது கையெழுத்தை வைத்தார். அதோடு விட்டாரா? எழும்பிப் போய்க் கடை முத்திரையை எடுத்துவந்து ஊதா மையில் குத்தினார். படிவம் பார்ப்பதற்குப் பழைய காணி உறுதி மாதிரியே இருந்தது. "இனி ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலாது" என்றார். தபாலில் போடும் வேலையையும் என்னிடமே தந்தார்கள்.

கொஞ்ச நாளில் அது திரும்பி வந்தது. இந்த முறை நான்தான் உடைத்தேன். பங்குப் பதிவைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம். படிவத்தை ஏற்க முடியாது. பங்குக்கு உரியவர் அல்லாத ஆட்களின் கையெழுத்துகள் இருக்கின்றன. உரியவர் மட்டும் கையெழுத்திட்டு, இணைத்திருக்கும் புதிய படிவத்தை அனுப்பவும்.

கடைக்குப் போய்விட்டேன், மனம் அதிலேயே நின்றது. மத்தியான இடைவேளையில் பின்னறையில், சாறிப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து அந்தக் கடிதத்தில் போட்டிருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் பேசினாள். என் பெயர், விலாசம் எல்லாம் சரிபார்த்தாள். என் கணவரின் சம்மதம் வேண்டாமா என்று கேட்டேன்.

"பங்குகள் உங்கள் பெயரில்தானே இருக்கின்றன, மேடம்?"

"ஓம்."

"அப்படியென்றால் அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். லைன் நன்றாகத்தான் கேட்டது. அவள் பொறுமையாகத் திரும்பச் சொன்னாள். விற்காமல் விட்டால் என்ன நடக்கும் என்றும் கேட்டேன். பெரும்பாலானவர்கள் விற்றுவிட்டால், மிஞ்சியவர்களின் பங்குகளையும் வாங்குகிறவர் சட்டப்படி எடுத்துக்கொள்ளலாம், விலை அதேதான், காசு மட்டும் பிந்தும் என்றாள். நன்றி சொல்லி வைத்தேன். அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, கோபத்தில் வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக நான் கேட்டுக் கேட்டு நின்ற ஒரு வாசலுக்குக் கதவே இல்லை என்று யாரோ முகம் தெரியாத ஒருத்தி சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் கணவர் புதிய படிவத்தைப் பார்த்தார்.

"சரி, இந்தமுறை நீர் மட்டும் வையும். நாளைக்கே போட்டிடுவம்."

"மாட்டன்."

"என்ன மாட்டீர்?"

"விக்க மாட்டன். சைன் வைக்க மாட்டன்."

"அண்ணை கடைக்காரனுக்கு வாக்குக் குடுத்திட்டார், தெரியுமோ?"

"என்ரை காசில அவர் ஏன் வாக்குக் குடுத்தவர்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். 'என்ரை' என்ற சொல்லை அந்த வீட்டில் நான் அதுவரை சொன்னதில்லை. எனக்கே அது புதிதாகத்தான் கேட்டது.

அடுத்த நாளே அத்தான் ஹவுன்ஸ்லோவிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தார், கையில் ஒரு பெட்டி பற்றீஸோடு. பற்றீஸைத் தட்டில் அடுக்கி, தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"பிள்ளை, நல்லாய் யோசியும். கடிதம் எண்டது முடிஞ்ச கதை. அந்த ஆள் நல்ல விலை தாறான். குடுத்திட்டு வெளியால வாறதுதான் புத்தி."

"முடிஞ்ச கதையை அந்த ஆள் ஏன் அத்தான் இவ்வளவு காசு குடுத்து வாங்குறார்? செத்த மாட்டை ஆரும் காசுக்கு வாங்குவினமோ?"

"அது அவங்கட அலுவல். உமக்கு விளங்காது."

"எனக்கு விளங்காட்டிலும் பரவாயில்லை. விளங்காமல் வைச்சிருக்கிறதும் என்ரை விருப்பம்."

"தம்பிக்காகவாவது—"

"அவர் கேட்டவரோ? நீங்கள் கேட்டனீங்களோ? நண்டு வேணுமோ எண்டு கேட்டனீங்கள், சோறு காணுமோ எண்டு கேட்டனீங்கள். விக்கிறீரோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் அண்டைக்கே ஓம் எண்டிருப்பன்."

அது உண்மை. கேட்டிருந்தால் ஒற்றை வார்த்தையில் கொடுத்திருப்பேன். அத்தான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினார். பற்றீஸை நான் சாப்பிட்டேன்.

அதன் பிறகு வீட்டில் உப்பு, சாவி, குப்பை வாளி என்று ஒற்றைச் சொல்லில் குடும்பம் நடந்தது. அத்தானின் மனைவி போன் எடுத்து, ஒரு கடதாசிக்காக அண்ணன் தம்பியைப் பிரிக்காதையும் என்று அழுதார். எனக்கு மனம் வலித்தது. நித்திரை குறைந்தது. ஆனாலும் ஒற்றைக்காலில் நின்றேன். படிவம் அனுப்ப வேண்டிய கடைசி நாள், என் பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது கடந்து போனது.

பக்கத்துக் கடை கைவிட்டுப் போகவில்லை. கடையின் சொந்தக்காரன் வேறு ஆள் தேடிக் கிடைக்காமல் இவர்களுக்காகக் காத்திருந்தான். என் காசு இல்லாவிட்டால் உலகம் இடிந்துவிடும் என்பதுபோல் பயமுறுத்தியதெல்லாம் வெறும் அவசரம்.

அந்தப் பெண் சொன்னதுபோலவே பெரும்பாலானவர்கள் விற்றார்கள். என்னிடமிருந்த பங்குகளைச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஒரு காலை காசோலை வந்து கதவுத் துவாரத்தால் விழுந்தது. அன்று அத்தானும் வந்திருந்தார். என்ன இருந்தாலும் அண்ணன், தம்பியைப் பார்க்காமல் இருக்க மாட்டார். தொகையைப் பார்த்து, கையை விரித்துச் சிரித்தார்.

"இதென்ன பிள்ளை! அண்டைக்கு வித்திருந்தாலும் இதே காசுதானே. ஒரு சதம் கூட இல்லை. இவ்வளவு சண்டை பிடிச்சு என்னத்தைக் கண்டனீர்?"

"அண்டைக்கு நீங்கள் வித்திருப்பியள் அத்தான். நான் இல்லை. இப்பவும் நான் விக்கேல்லை, அவங்கள் எடுத்தவங்கள். இந்தாருங்கோ, வடிவாய்ப் பாருங்கோ. இதில ஒரு பேர்தான் இருக்கு."

அவர் பார்த்தார். கணவரும் பார்த்தார். காசோலையை நானே கொண்டுபோய் என் கணக்கில் போட்டேன்.

அதில் ஒரு பகுதிக்கு இன்னொரு நாட்டுத் தபால் கம்பனியின் பங்கு வாங்கியிருக்கிறேன். அங்கேயும் கடிதம் குறைகிறதாம். குறையட்டும். மண்டபங்களில் பகிடிக்கு ஆள் வேண்டுமே, நான் இருக்கிறேன்.

கணவர் ஒரு மாதம் போல் பொறுத்தார். பிறகு ஒரு பின்னேரம், நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரில் வந்து இருந்தார். தொண்டையைச் செருமினார்.

"இஞ்சாரும், அந்தக் கடை விஷயமாய்... நீர் காசு போட விரும்புறீரோ?"

கேட்டார். கடைசியில் கேட்டார். எனக்கு அப்போதும் அழுகை வரப் பார்த்தது. கீரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"போடுறன். ஆனால் கடனாயில்லை, உதவியாயுமில்லை. பங்காய். கடைக் கடதாசியில என்ரை பேரும் இருக்கோணும்."

அத்தான் இரண்டு கிழமை முறுகினார். பிறகு கடதாசிகள் தயாராயின. எங்கள் வீட்டு மேசையில், பழைய பத்திரிகை விரித்து, மூவரும் இருந்தோம். அத்தானின் பக்கத்தில் பை. பைக்குள் முத்திரை இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பெயர் அச்சிட்ட பக்கத்தை முழுதாக வாசித்தேன். அவர்கள் காத்திருந்தார்கள். கையெழுத்து வைத்தேன்.

கணவர் பழக்கத்தில் பேனையைத் திறந்துகொண்டு அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தார். நான் அதன் மேல் கையை வைத்தேன்.

"இஞ்சாருங்கோ," என்றேன், "உங்களுக்கு அடுத்த பக்கம்."